வாக்குத்தத்த அட்டை

டிசம்பர் 31ஆம் தேதி நள்ளிரவு ஆராதனை முடிந்ததும், தமிழ்நாட்டுத் திருச்சபைகள் பலவற்றில், மக்கள் வரிசையாகச் சென்று, தட்டில் கவிழ்த்து வைத்த அட்டைகளுள் ஒன்றை எடுத்து, அதில் அச்சிட்ட வேதவசனத்தைப் புத்தாண்டு முழுமைக்கும் தமக்கருளப்பட்ட வாக்குத்தத்தமாக ஏற்று வீடு திரும்புகிறார்கள். வேலை நிலைக்குமோ என்ற ஐயமும், வட்டியேறும் கடனும், ஆஸ்பத்திரிப் பரிசோதனையின் முடிவு பற்றிய அச்சமும் சூழ்ந்த இக்காலத்து மனிதனுக்கு அந்த ஒற்றை வசனம் வழிகாட்டுமா என்பது ஆராயத்தக்க வினா.

வசனத்தைச் சீட்டில் எடுப்பது நேற்று முளைத்த பழக்கமன்று. ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில் ஹெர்ன்ஹூட் என்னும் சிற்றூரில், சின்சென்டார்ஃப் பிரபு 1728இல் நாளுக்கொரு வசனம் வழங்கத் தொடங்கினார். 1731 முதல் அது ஆண்டுதோறும் நூலாகவே வெளிவருகிறது. பழைய ஏற்பாட்டு வசனத்தை அங்கே சீட்டுப் போட்டு எடுப்பார்கள். அதனோடு சேரும் புதிய ஏற்பாட்டு வசனத்தையோ ஆய்ந்து தெரிந்தெடுப்பார்கள். ஹெர்ன்ஹூட்டைச் சேர்ந்த மொரேவியச் சபையார் ஒரு காலத்தில் விவாகங்களையும் சீட்டுப் போட்டே நிச்சயித்தார்கள் என்பதும், 19ஆம் நூற்றாண்டில் அதைக் கைவிட்டு வசனத்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள் என்பதும் அவர்களுடைய விவேகத்திற்குச் சான்று.

இப்பழக்கத்தின் சிறப்பு, வசனத்தைத் தேர்வது நாமல்ல என்பதில் இருக்கிறது. தானாகத் தேடுகிறவன் தனக்கு இனித்ததையே தேடுவான். தேடாமல் வந்த சொல் அவனைத் தடுத்து நிறுத்தவும் கூடும். டீட்ரிக் போன்ஹோஃபர் என்னும் ஜெர்மானிய இறையியலறிஞர், 1939 ஜூனில், ஹிட்லரின் ஆட்சிக்கு எட்டாத நியூயார்க்கில் பத்திரமாக இருந்தபோது, குளிர்காலத்திற்கு முன்னே வந்துசேரும்படி பவுல் தீமோத்தேயுவை அழைக்கும் வசனத்தை வாசித்து, அது தமக்கே சொல்லப்பட்டதாகக் கொண்டார். ஆனால் ஒன்றை மறக்கலாகாது: அமெரிக்காவில் தமக்கு அளிக்கப்பட்ட பணியை அவர் மறுத்தது ஜூன் 20இல், வசனத்தை வாசித்தது 26இல். தீர்மானத்தை வசனம் செய்து கொடுக்கவில்லை. மனச்சாட்சி செய்து முடித்த தீர்மானத்தில் அவரை அது நிலைநிறுத்தியது. ஜூலையில் தாய்நாடு திரும்பியவரை நாஜிகள் 1945 ஏப்ரல் 9இல் தூக்கிலிட்டார்கள். ஆக, அவ்வசனம் அவரை நிலைநிறுத்தியது ஆபத்திற்குள் செல்லும் பாதையிலே.

நம் அட்டைகளோ ஆபத்தை அறியா. அவற்றில் அடிக்கடி காணப்படும் எரேமியா 29:11 நல்லெதிர்காலத்தைப் பேசுகிறது. பாபிலோனில் சிறைப்பட்டவர்களுக்கு எழுதிய அக்கடிதத்தில், மீட்புக்கு எழுபது ஆண்டுகள் ஆகும் என்று கூறும் முந்திய வசனம் அட்டையில் இடம்பெறுவதில்லை. கடிதத்தைக் கேட்ட முதியவர்களில் பலர் ஊர் திரும்பியே இரார் என்பதைச் சிந்திப்பவன், அவ்வசனத்தை இவ்வாண்டுப் பதவி உயர்வுக்கு உத்தரவாதமாகக் கொள்வானா? இருளிலேயே முடியும் 88ஆம் சங்கீதத்தை எந்த அட்டையிலும் நான் கண்டதில்லை. பாதுகாப்பை வாக்களிக்கும் 91ஆம் சங்கீதமோ எங்கும் உண்டு. அதே 91ஆம் சங்கீதத்தை எடுத்துக்காட்டித்தான் சாத்தான் இயேசுவைச் சோதித்தான் என்று மத்தேயு எழுதியிருப்பதை அட்டை தொகுப்போர் நினைப்பதில்லை போலும்.

இதனால் விளையும் கேடு சிறிதன்று. அட்டை சுகத்தை வாக்களித்த ஆண்டில் நோய் வந்துவிட்டால், தன் விசுவாசத்திலேயே குறையிருந்ததென்று நோயாளி தன்னை நொந்துகொள்கிறான். துன்பத்தின்மேல் குற்றவுணர்வும் ஏறுகிறது. கிளி எடுக்கும் ஜோசியச் சீட்டை நகைக்கும் நம் வீடுகளிலேயே, பிடிக்காத வசனம் வந்ததென்று இரண்டாம் அட்டை எடுப்பவர்களும் உண்டு.

ஆயினும் இப்பழக்கத்தை ஒழிக்கவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். வேதத்தை விரித்து வாசிக்க ஓய்வில்லாத உழைப்பாளிக்கு, மனத்தில் வைத்துச் சுமக்கத்தக்க ஒரு வரி பெருந்துணையே; அந்த வரி அவனை அதன் அதிகாரம் முழுவதற்கும் அழைத்துச் செல்லுமானால் அது வழிகாட்டியுமாகும். ஆகவே அட்டை அச்சிடும் சபையாருக்கு ஒரு விண்ணப்பம்: எரேமியாவின் 11ஆம் வசனத்தைப் போடும்போது 10ஆம் வசனத்தையும் சேர்த்தே போடுங்கள், இடம் போதாவிட்டால் ரோஜாப்பூப் படத்தைச் சற்றுச் சிறிதாக்குங்கள்.