ஐந்து வருடத்துக்கு முன்பே எழுதிக் கொடுத்துவிடுங்கள்

அமெரிக்காவில் 'எல்டர் லா' என்று வக்கீல்களில் ஒரு தனிப் பிரிவு இருக்கிறது. வயதானவர்களின் சொத்து, உயில், பராமரிப்பு இவைதான் அவர்கள் தொழில். அவர்கள் பொதுமக்களுக்காக எழுதும் கையேடுகளைக் கொஞ்ச காலமாகப் படித்துக்கொண்டு வருகிறேன். ஒன்றைப் படித்தால் மற்றதையும் படித்த மாதிரிதான். நர்சிங் ஹோம் செலவு வீட்டை விழுங்குவதற்குள் அதைப் பிள்ளைகள் பெயருக்கோ ஒரு டிரஸ்டுக்கோ மாற்றிவிடுங்கள் என்பது சாரம். இவற்றின் சட்ட அறிவில் எனக்குக் குறை தெரியவில்லை. யாரைப் பார்த்துப் பேசுகின்றன என்பதில்தான் சிக்கல்.

பின்னணியைச் சொல்லிவிடுகிறேன். 1965இல் ஜான்சன் கையெழுத்திட்ட ஒரே சட்டத்தில் இரண்டு திட்டங்கள் பிறந்தன. 65 வயதைக் கடந்தவர்களுக்கு மெடிகேர், ஏழைகளுக்கு மெடிக்கெய்ட். மெடிகேர் இருக்கிறதே, கடைசிவரை பார்த்துக்கொள்ளும் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பார்த்துக்கொள்ளாது. ஆஸ்பத்திரியில் இருந்து வந்தபின் தேர்ந்த நர்சிங் தேவைப்பட்டால் 100 நாள் வரை உதவும், அதிலும் 20 நாளுக்கு மேல் நம் பங்கு உண்டு. குளிப்பாட்டிவிட, சோறு ஊட்ட, மறதி நோய் வந்தவர் தெருவில் இறங்கிப் போய்விடாமல் பார்த்துக்கொள்ள என்று ஆள் வேண்டியிருந்தால், அது மட்டும் வைத்தியக் கணக்கில் வராதாம்.

நர்சிங் ஹோமில் வருடத்துக்கு 1 லட்சம் டாலர் ஆவது சர்வசாதாரணம். அந்தச் செலவை மெடிக்கெய்ட் ஏற்கும், ஆனால் ஏழையாக இருக்க வேண்டும். பல மாநிலங்களில் தனி ஆளின் கையிருப்பு 2,000 டாலருக்கு மேல் இருக்கக் கூடாது. ஏழை இல்லாதவர் சேமிப்பைக் கரைத்துக் கரைத்து ஏழையாகலாம், இல்லையென்றால் வக்கீலைப் பார்க்கலாம். இன்று நர்சிங் ஹோம்களில் இருப்பவர்களில் பத்துக்கு ஆறு பேர் மெடிக்கெய்ட் செலவில்தான் இருக்கிறார்கள்.

வக்கீல் ஒரு வழி கண்டுபிடிக்க, அரசாங்கம் அதை அடைக்க, முப்பது வருடமாக இதே விளையாட்டுதான். 1996இல் மெடிக்கெய்டுக்காகச் சொத்தைக் கைமாற்றுவதையே குற்றமாக்கினார்கள். 'பாட்டியை ஜெயிலில் போடும் சட்டம்' என்று கேலி எழுந்ததும், மறு வருடமே பாட்டியை விட்டுவிட்டு, காசு வாங்கிக்கொண்டு ஆலோசனை சொல்பவரைத் தண்டிப்பது என்று மாற்றினார்கள். 1998இல் அட்டர்னி ஜெனரல் ஜேனட் ரீனோ இதை அமல்படுத்தப் போவதில்லை என்று காங்கிரசுக்கே எழுதிவிட்டார். அதோடு அது செத்தது.

செல்லுபடியானது 2006இல் வந்த சட்டம். மனுப் போடும் நாளிலிருந்து 60 மாதம் பின்னோக்கிப் பார்ப்பார்கள். அதற்குள் 1,20,000 டாலரை மகனுக்குக் கொடுத்திருந்தால், அந்த ஊர் நர்சிங் ஹோமின் சராசரி மாதச் செலவு 10,000 என்று வைத்துக்கொண்டால், 12 மாதம் உதவி கிடையாது. அந்தப் 12 மாதம் பணம் கொடுத்த நாளிலிருந்து ஓடாது என்பதுதான் கொடுமை. கையில் காசெல்லாம் தீர்ந்து, நர்சிங் ஹோமில் படுத்து, மனுப் போட்டு, மற்ற எல்லாத் தகுதியும் வந்த பிறகுதான் ஓடத் தொடங்கும். கொடுத்தது திரும்பி வந்தால் பிழைத்தார்.

இதையெல்லாம் ஏமாற்று வேலை என்று திட்டுகிறவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. இதயத்தில் அடைப்பு வந்தவருக்கு பைபாஸ் செய்ய மெடிகேர் அவருடைய சேமிப்பைக் கேட்பதில்லை. அல்சைமர் வந்தவரிடம் மட்டும் கேட்கிறார்கள். எந்த நோய் வருகிறது என்பதை வைத்துக் குடும்பத்தின் கதி முடிவாகிறது என்றால், அந்தக் குடும்பம் சந்துபொந்து தேடத்தான் செய்யும். ஜெர்மனி 1995இலும் ஜப்பான் 2000இலும் பராமரிப்புக்கென்றே கட்டாயக் காப்பீடு கொண்டுவந்தன. அமெரிக்காவில் ஒபாமாவின் 2010 சட்டத்தில் சேர்த்திருந்த விருப்பக் காப்பீட்டை, தொடங்குவதற்கு முன்பே 2013 ஜனவரியில் ரத்து செய்துவிட்டார்கள்.

ஆக, வக்கீல் வழி சொல்வதில் எனக்குச் சண்டை இல்லை. "உங்கள் வீடு போய்விடும்" என்று அவர் தொடங்கும் வாக்கியத்தில்தான் சண்டை. 'உங்கள்' என்றால் யார்? மெடிக்கெய்ட் கணக்கில், குடியிருக்கும் வீட்டுக்கு ஒரு மதிப்பு வரம்பு வரை பெரும்பாலும் விலக்கு உண்டு. கணவனோ மனைவியோ அதில் வசித்தால் கவலையே இல்லை. அரசாங்கம் வீட்டின் மீது கை வைப்பது அநேகமாக ஆள் இறந்த பிறகு, செலவழித்ததைத் திரும்ப வசூலிக்கும்போதுதான். அப்படியானால் இழப்பு யாருக்கு? வாரிசுக்கு. சேமிப்பு கரைவது அம்மாவின் இழப்பு, சரி. ஆனால் கையேடு அதிகம் பயமுறுத்துவது வீட்டை வைத்து. வீட்டைக் காப்பாற்று என்று அம்மாவிடம் சொல்லும்போது, பிள்ளையின் பங்கைக் காப்பாற்று என்பதுதான் பொருள்.

அப்படி வெளிப்படையாகச் சொன்னால் எந்த அம்மாவும் நிதானமாக யோசிப்பாள். ஐந்து வருடம் முன்பே எழுதிக் கொடுப்பது என்றால், நன்றாக நடமாடும் காலத்திலேயே கொடுப்பது. அதன்பின் வீடு சட்டப்படி மகனுடையது. அவன் விவாகரத்து ஆனால் அந்த வழக்கில் வீடு வரும், கடனில் மாட்டினால் கடன்காரன் வருவான், அம்மாவுக்கு முன் அவன் போய்விட்டால் மருமகள் கையில். கையேடுகள் இதைச் சொல்லாமல் இல்லை, சொல்லிவிட்டு அடுத்த வரியில் டிரஸ்டை விற்கின்றன. அந்த டிரஸ்டும் திரும்ப மாற்ற முடியாததாக இருந்தால்தான் கணக்கில் நிற்கும். இன்னொன்று: சொந்தக் காசு கொடுத்து வருகிறவருக்கு நல்ல நர்சிங் ஹோமில் இடம் கிடைப்பது சுலபம். முதல் நாளிலேயே மெடிக்கெய்டில் வருகிறவர் கிடைத்த இடத்துக்குப் போக வேண்டியதுதான். வீட்டை விற்ற காசு அம்மாவுக்கு ஜன்னல் ஓரத்தில் ஒரு தனி அறை வாங்கித் தந்திருக்கும். அந்தக் கணக்கை எந்த அத்தியாயத்திலும் நான் பார்க்கவில்லை.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லாதவர்கள் கதை வேறு. 1993 சட்டப்படி எல்லா மாநிலங்களும் 55 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குச் செய்த பராமரிப்புச் செலவை இறந்தவரின் சொத்திலிருந்து வசூலித்தாக வேண்டும். 2019இல் நாடு முழுவதும் வசூலானது சுமார் 73 கோடி டாலர். மெடிக்கெய்டின் நீண்டகாலப் பராமரிப்புச் செலவில் அது 1 சதவீதம்கூட இல்லை. இந்தப் பிசாத்துக் காசுக்காகச் சின்னச் சின்ன வீடுகள் போகின்றன. காங்கிரசுக்கே ஆலோசனை சொல்லும் மெடிக்கெய்ட் ஆணையம் 2021இல், இதைக் கட்டாயமாக்காமல் மாநிலங்களின் விருப்பத்துக்கு விடலாம் என்று பரிந்துரைத்தது. நடக்கவில்லை.

சட்டத்துக்குள் எனக்குப் பிடித்த ஒரு பிரிவு உண்டு. நர்சிங் ஹோமுக்குப் போவதற்கு முன் குறைந்தது இரண்டு வருடம் அதே வீட்டில் தங்கி, தன் பராமரிப்பால் அவர் அங்கே போவதைத் தள்ளிப்போட்ட பிள்ளைக்கு வீட்டை எழுதிக் கொடுத்தால் தண்டனை கிடையாது. ஐந்து வருடக் கணக்கும் அதற்குப் பொருந்தாது. டிரஸ்டுக்கு ஒரு அத்தியாயம் ஒதுக்கும் கையேடுகள் இதை ஒரு பத்தியில் கடந்துவிடுகின்றன, இதில் விற்க ஒன்றுமில்லையே. நிரூபிப்பதும் லேசில்லை. டாக்டர் கடிதம் வேண்டும், அந்த முகவரியில் இரண்டு வருடம் இருந்ததற்கு அத்தாட்சி வேண்டும், என்னென்ன செய்தார் என்ற விவரம் வேண்டும். வேலையை விட்டுவிட்டு அம்மாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த மகள் அதையெல்லாம் தேதி போட்டு எழுதி வைத்திருக்க மாட்டாள். எழுதி வையுங்கள் என்று அவளுக்கு முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டியது இந்தக் கையேடுகள்தான்.