பக்கக் கடைசியில் மீந்த நாடா: மின்னணு இசையும் மறதியின் ஒழுங்கும்

மறதிக்கும் ஒரு ஒழுங்கு இருக்கிறது. எதை மறக்கலாம், மறந்ததை யார் கண்டெடுக்கலாம், கண்டெடுத்ததற்கு என்ன பெயர் வைக்கலாம் என்பதெல்லாம் அந்த ஒழுங்குக்குக் கட்டுப்பட்டவை. இந்திய மின்னணு இசை 'மீண்டும் கண்டுபிடிக்கப்பட்ட' கதைகளையும் இந்தச் சந்தேகத்தோடுதான் வாசிக்க வேண்டியிருக்கிறது.

இரண்டு கதைகள் பிரபலம். பம்பாய்த் திரை இசைக் குழுக்களில் வாசித்துவந்த சரண்ஜித் சிங், 1982இல் ரோலண்ட் நிறுவனத்தின் மூன்று கருவிகளைக் கொண்டு பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்தார். எச்.எம்.வி. வெளியிட்ட அந்த இசைத்தட்டு விலைபோகவில்லை. ஹாலந்துச் சேகரிப்பாளர் எடோ பௌமன் அதை 2010இல் மறுவெளியீடு செய்ததும், 1987இல் சிகாகோவிலிருந்து வந்த 'ஆசிட்' இசைக்கு ஐந்தாண்டு முந்தியது என்று உலகம் வியந்தது. இன்னொன்று அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் கதை. 1969இல் டேவிட் டியூடர் அங்கே மூக் சிந்தசைசர் ஒன்றைக் கொண்டு ஒலிக்கூடம் அமைத்தார். கீதா சாராபாய், ஐ.எஸ். மாத்தூர், அதுல் தேசாய் முதலியோர் பதிவு செய்தவை நாடாச் சுருள்களாக அங்கேயே கிடந்தன. பிரிட்டன் கலைஞர் பால் பர்கஸ் கண்டெடுக்க, 2023இல் அவை தொகுப்பாக வந்தன.

இந்த உழைப்பைக் குறைத்துச் சொல்ல நான் வரவில்லை. இவர்கள் இல்லாவிட்டால் இந்த அளவுக்குக்கூட நம் காதுக்கு எட்டியிருக்காது. கேள்வி அளவுகோல் பற்றியது. டிபி-303 என்ற ரோலண்ட் கருவி, தனியாகக் கிதார் வாசிப்பவருக்குத் துணையாகக் கீழ்ஸ்தாயி ஒலி தரச் செய்யப்பட்டது. ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வெட்டாமல் வழுக்கிப்போகும் வசதி அதில் உண்டு. சிங் அந்த வழுக்கலில் நாம் ஜாரு என்று சொல்வதைக் கேட்டார், அதை வைத்து ராகம் வாசித்தார். 'ஆசிட்டுக்கு முன்னோடி' என்ற பட்டம் அவரைச் சிகாகோ வரலாற்றின் முன்னுரையில் உட்கார வைக்கிறது. அவர் தேடிய ராகத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

சரி, நம்ம வீட்டுக் கதைக்கு வருவோம். என்னிடம் இருக்கும் கேசட்டுகளில் பெரும்பகுதி எண்பதுகளில் புதுச்சேரி ரெக்கார்டிங் கடைகளில் பட்டியல் கொடுத்துப் பதிந்து வாங்கியவை. அட்டையில் பாட்டின் முதல் வரி, படம், பாடியவர் என்று கடைக்காரர் பால்பாயிண்ட் பேனாவால் எழுதித் தருவார். பக்கக் கடைசியில் நாடா மீந்தால்? "ரெண்டு நிமிஷம் இருக்கு சார், ஒரு மியூசிக் போட்டுடறேன்." அப்படி வந்தவற்றுக்கு அட்டையில் பெயரே கிடையாது, 'மியூசிக்' என்று இருக்கும், அல்லது ஒன்றும் இருக்காது. இன்று ஓட்டிக் கேட்டால் அந்த மீந்த நாடாவில்தான் 'புன்னகை மன்னன்' கருப்பொருள் இசை இருக்கிறது. கணினி வழியே சுரங்களை வரிசைப்படுத்தும் முறை பயன்பட்ட முதல் இந்தியப் படங்களில் ஒன்று அது (1986). அப்போது திலீப் என்று அறியப்பட்ட ஏ.ஆர். ரஹ்மான் இளையராஜாவின் குழுவில் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்தார். வரி இல்லாததால் பட்டியலில் இடமில்லை, பட்டியலில் இல்லாததால் நினைவிலும் இல்லை.

என் அலமாரியில் 'பக்தி' என்ற வரிசையிலும் இதே கதைதான். ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் சுனில் பட்டாச்சார்யா (1920-1998), அன்னையின் விருப்பப்படி 1965 முதல் ஆண்டுதோறும் புத்தாண்டு இசை அமைத்தார். மின்னணு விசைப்பலகைகளோடு மனிதக் குரலும் வாத்தியங்களும் அடுக்கடுக்காகச் சேரும் இசை அது. வாய்க்காலுக்குக் கிழக்கே அது தியானத்துக்கு உரியது. மேற்கே அதைக் கேட்டவர்கள் குறைவு. அதே 1965 பிப்ரவரியில், இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின்போது ஆசிரமம் தாக்கப்பட்டதை இங்கே நினைவுகூர வேண்டும். இரண்டு நகரங்களாக இருந்த ஊரில் காதுகளும் இரண்டாகத்தான் இருந்தன. ஆனால் இரண்டு பக்கமும் ஒரு விஷயத்தில் ஒற்றுமை: அங்கே அது பக்தி, இங்கே அது சினிமா. மின்னணு இசை என்று யாரும் சொல்லவில்லை. ஆசிரமம் சுனிலை மறக்கவில்லை; இசை வரலாறு என்று எழுதப்படுவதில்தான் அவர் இல்லை.

இதற்கு நம் விமர்சனமும் பொறுப்பு. தமிழில் திரைப்பாடல் குறித்துப் பக்கம் பக்கமாக எழுதியவர்களில் பெரும்பாலோர் வரிகளை மட்டுமே பிரதியாகக் கொண்டார்கள். கவிஞரின் அரசியல், உவமை, சாதிக் குறிப்பு எல்லாம் அலசப்பட்டன. ஒலி பிரதியாகவே கருதப்படவில்லை. மறுபக்கம் சபாக்காரர்கள் 'மெஷின் சத்தம்' என்று முகம் சுளித்தார்கள். அவர்கள் மேடையில் பின்னால் ஒலித்துக்கொண்டிருந்தது என்ன? பெங்களூர் பொறியாளரும் குழலிசைக் கலைஞருமான ராஜ் நாராயண் எழுபதுகளின் இறுதியில் உருவாக்கத் தொடங்கிய மின்னணுச் சுருதிப் பெட்டியும் அதன் வாரிசுகளும்தானே! சுருதியையே மின்சுற்றிடம் ஒப்படைத்துவிட்டுத் தூய்மை பேசுவது வேடிக்கை. கேட்டுக்கொண்டே கேளாததாக்குவது என்பது இதுதான்.

ஆகவே வெளியிலிருந்து ஒருவர் வந்து கண்டெடுக்கட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. அவ்வளவு காலமும் இல்லை. கடற்காற்றின் ஈரத்தில் காந்தத் துகளைப் பிடித்திருக்கும் பசை தளர்கிறது, பூஞ்சை படிகிறது. அழுத்துப் பஞ்சு உதிர்ந்த கேசட்டில் மேல்ஸ்தாயி ஒலிகள்தான் முதலில் மங்குகின்றன. மேலும், அந்த ரெக்கார்டிங் கடைகள் இன்று இல்லை. எந்தப் பட்டியலிலும் இல்லாத அந்த இரண்டு நிமிடங்களைத் தேர்ந்து போட்டது யாருடைய காது என்று கேட்கவும் ஆளில்லாமல் போகிறது. படத்தின் இசை வேறிடத்தில் கிடைக்கலாம், அந்தத் தேர்வு கிடைக்காது.

நான் ஒவ்வொரு கேசட்டையும் கடைசிவரை ஓடவிட்டு, வெற்றாக விடப்பட்ட அட்டைகளில் எழுதி வருகிறேன்: படம், ஆண்டு, கேட்கும் கருவி, பதிந்த கடை இருந்த தெரு. உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு பெட்டி இருக்கும். பாட்டு முடிந்ததும் நிறுத்திவிடாதீர்கள்.