குமாரசுவாமியின் செவியும் நமது இராகங்களும்

கலாயோகி ஆனந்த குமாரசுவாமியை நம்மவர் அறிந்திருப்பது சிவ நடனத்துக்கு விளக்கம் தந்தவராகத்தான். அவர் இசை பற்றியும் அக்கறையோடு எழுதினார் என்பதோ, அவர் சம்பந்தப்பட்ட இசை நூலொன்று ஒரு முஸ்லிம் உஸ்தாதின் வாய்ப்பாடத்தில் பிறந்தது என்பதோ நமது இலக்கிய வட்டங்களில் பேசப்படுவதில்லை.

1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுப் பணிப்பாளராக இருந்தவர், பாறை தேடிப் போன கிராமங்களில் கைவினைஞரைக் கண்டார். பழங்கலையும் கட்டடங்களும் பேணப்பட வேண்டுமென 1905இல் கண்டிப் பிரதானிகளுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். கண்டிய மரபை மையமாக வைத்த ‘மத்தியகால சிங்களக் கலை’ 1908இல் வெளிவந்தது. நூலின் எல்லையைத் தலைப்பே சொல்லிவிடுகிறது. கண்டி அரசின் மடிகே பகுதியில் தவள மாடு ஓட்டிய சோனகரையும், அரசனுக்கு வைத்தியம் பார்த்த நம்மவரையும் அறிய 1994இல் வந்த லோனா தேவராஜாவின் நூல்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்காகக் குமாரசுவாமியைக் குறை கூறுவது நியாயமன்று. எழுத வந்ததை அவர் எழுதினார்.

என் விவாதம் இசையைப் பற்றியது. 1909இல் கொழும்பில் வெளியான அவரது ‘தேசிய இலட்சியவாதக் கட்டுரைகள்’ தொகுதியில் கிராமபோனைச் சாடும் கட்டுரையொன்று உண்டு. ஆர்மோனியத்தையும் அவர் விரும்பியவரல்லர். யந்திரம் வந்தால் பாடகன் போய்விடுவான் என்பது அவர் அச்சம். நமது அனுபவம் இதை அப்படியே ஏற்க இடந்தரவில்லை. 2015இல் மறைந்த நாகூர் ஈ.எம். ஹனிபாவின் வெண்கலக் குரல் மலைநாட்டு வீடுகளுக்கு வந்தது இசைத்தட்டிலும் வானொலியிலும் பின்னர் கசற்றிலும்தானே! சபைக்கே போக வழியில்லாத நம் உம்மாமார் அந்தப் பாடல்களை மனனம் செய்தது யந்திரத்தின் தயவால்.

ஆனால் கட்டுரையை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. தட்டு பாட்டைத் தரும், பாடுகிறவனை உருவாக்காது. இந்த உண்மையை அவர் வீட்டிலேயே காணலாம். அவரது மனைவி அலிஸ் றிச்சட்சன், ரத்தன் தேவி என்ற பெயரில் மேடையேறிய ஆங்கிலப் பெண்மணி. அவர் கபுர்தலாவைச் சேர்ந்த அப்துல் ரஹீமிடம் நேரிலிருந்து பயின்ற பாடல்களே 1913இல் ‘பஞ்சாபிலும் காஷ்மீரிலுமிருந்து முப்பது பாடல்கள்’ என்ற நூலாயின. முகவுரை தாகூருடையது; அறிமுகமும் மொழிபெயர்ப்பும் குமாரசுவாமியுடையவை. யந்திரத்தை வெறுத்தவரின் வீட்டிலிருந்து அந்த இராகங்கள் மேலைநாட்டுச் சுரக்குறியீட்டில் அச்சேறின என்பது சிறியதொரு முரண். நல்ல முரண் என்பேன். அந்தத் தாள்கள் இல்லையேல் உஸ்தாதின் பாடம் அவரோடு போயிருக்கக்கூடும்.

பிற்காலக் குமாரசுவாமி நமக்கு இன்னும் நெருக்கமானவர். பாரசீக, முகலாயக் கலைகளில் கிழ்ர் (அலை) அவர்களும் ஜீவ ஊற்றும் இடம்பெறுவதைப் பற்றி 1934இல் அவர் எழுதிய கட்டுரை, இஸ்லாமியக் கலை ஆய்விதழொன்றின் முதலாவது தொகுதியில் வெளிவந்தது. கதிர்காமத்தில் கிழ்ர் நபியின் பெயரால் பள்ளியுள்ள நாட்டில் இக்கட்டுரை தமிழில் பரவலாகப் படிக்கப்பட்டிருக்க வேண்டும்.

குற்றம் இனி நம்முடையது. உவைஸும் அஜ்மல்கானும் இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாற்றைத் தொகுதி தொகுதியாக எழுதினார்கள். கல்ஹின்னைத் தமிழ் மன்றம் கிராமத்திலிருந்துகொண்டே நம் எழுத்துகளை நூலாக்கியது. சொல் பிழைத்தது; ஓசைக்கு அந்தக் கவனிப்புக் கிடைக்கவில்லை. முனாஜாத்தை எந்த மெட்டில் ஓதினார்கள், பக்கீர் பாவாவின் றபான் எங்கே நடை மாறும் என்பதற்குச் சுரம் எழுதி வைத்தவர் நம்மில் எத்தனை பேர்? இசை ஆகுமா ஆகாதா என்ற வாதம் ஒருபுறம் இருக்கட்டும். அதை முடித்துவிட்டுத் தேடலாமென்றிருந்தால் பாடிக்காட்ட ஆளிருக்காது. அக்குறணையிலும் கலகெதரையிலும் பழைய பைத்துகளை ஓதத் தெரிந்த முதியவர்களிடம் ஒலிப்பதிவுக் கருவியோடு ஒருவரும், சுரம் எழுதத் தெரிந்த இன்னொருவரும் இந்த வருடமே போய் உட்கார வேண்டும்.