இன்வெர்ட்டர் கத்தினால் என்ன அர்த்தம்?

பராமரிப்புப் பணிக்காகக் காலை 9 மணிக்கு நிறுத்தும் கரண்ட் பிற்பகல் 2 மணிக்குத்தான் வரும் என்று ஈபி அறிவிக்கும் நாள், இன்வெர்ட்டரைச் சோதித்துப் பார்க்கச் சரியான நாள். மேற்கு மாம்பலத்தில் அப்படி ஒரு நாளில்தான் லூமினஸ் ஜீலியோ பிளஸ் 1100-ஐ 150 ஏஎச் ட்யூபுலர் பேட்டரியோடு ஓடவிட்டுப் பார்த்தேன்.

பெயரில் 1100 இருந்தாலும் இதன் திறன் 900 விஏ, 756 வாட். மூன்று ஃபேன், நாலைந்து எல்ஈடி விளக்கு, டிவி, வைஃபை ரூட்டருக்குத் தாராளம். முகப்புத் திரை அருமை. இன்னும் எவ்வளவு நேரம் ஓடும் என்பதை மணி, நிமிடக் கணக்கில் காட்டுகிறது. ஆனால், எந்த நிறுவனத்தின் இன்வெர்ட்டரானாலும் சரி, பேட்டரி பழசாகிவிட்டால் திரை சொல்லும் நேரத்தை அப்படியே நம்பாதீர்கள்.

இனி சத்தங்கள். எல்லா பிராண்டுக்கும் இது பொருந்தும். 12 வோல்ட் பேட்டரி 10.5 வோல்ட் அளவுக்கு இறங்கும்போது ‘லோ பேட்டரி’ என்று கத்தும், பிறகு தானே நின்றுவிடும். அதற்கும் கீழே இறங்கினால் தகடுகளில் சல்ஃபேட் படிந்து பேட்டரியின் ஆயுள் குறையும். நின்றுபோன இன்வெர்ட்டரை ஆஃப் பண்ணி மறுபடி ஆன் பண்ணினால் கொஞ்ச நேரம் ஓடத்தான் செய்யும். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள், பேட்டரிதான் பாழாகும். முழுசாக சார்ஜ் ஏறியிருந்தும் கரண்ட் போன அரைமணிக்குள் கத்துகிறதா? பேட்டரி மேலே உள்ள மிதவைகளைப் பாருங்கள். ஏதாவது ஒன்று சிவப்புக்கு இறங்கியிருந்தால் டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும். மெட்ரோ வாட்டரோ கேன் வாட்டரோ கூடவே கூடாது. தண்ணீர் சரியாக இருந்தும் கத்தினால் பேட்டரிக்கு வயசாகிவிட்டது என்று அர்த்தம்.

‘ஓவர்லோடு’ என்றால் இன்வெர்ட்டர் லைனில் யாரோ அயர்ன் பாக்ஸ் மாதிரி எதையோ சொருகியிருக்கிறார்கள். அதைப் பிடுங்கிவிட்டு ரீசெட் செய்தால் போதும்.

எனக்குக் கவலை தருவது வேறொன்று. இன்வெர்ட்டருக்கு வரும் லைனில் எம்சிபி மட்டும் ட்ரிப் ஆகிவிட்டால், கரண்ட் போய்விட்டதாக நினைத்துக்கொண்டு அது பேட்டரியில் ஓட ஆரம்பித்துவிடும். ஃபேன் சுற்றும், விளக்கு எரியும், வீட்டில் யாருக்கும் சந்தேகமே வராது. கடைசியில் லோ பேட்டரி சத்தம் கேட்கும்போது பேட்டரி காலியாகியிருக்கும். கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. இன்வெர்ட்டர் லைனில் இல்லாத ஃப்ரிட்ஜ் ஓடிக்கொண்டிருக்க, திரை மட்டும் பேட்டரி என்று காட்டினால், முதலில் எம்சிபியைப் போய்ப் பாருங்கள்.

பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, பெரியவர்கள் மட்டும் இருக்கும் வீடுகள் இந்தப் பக்கம் நிறைய. அங்கே ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் இருந்தால் அது ஒன்றே 300 வாட்டுக்கு மேல் இழுக்கும். லோ பேட்டரி சத்தம் வந்த பிறகு ஏற்பாடு செய்ய நேரம் இருக்காது, சிலிண்டர் முன்கூட்டியே வீட்டில் இருக்க வேண்டும். 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் வடியும்வரை பல தெருக்களுக்குக் கரண்ட் தரவில்லை. எந்த இன்வெர்ட்டரும் அவ்வளவு நேரம் தாங்காது. தரைத்தளத்தில் இருப்பவர்கள் பேட்டரியைத் தரையோடு வைக்காமல், கனம் தாங்கும் உயரமான மேடையில் வையுங்கள்.

ஜீலியோவைத் தயங்காமல் வாங்கலாம். மாட்ட வருகிறவரிடம் எந்தெந்த பிளக் பாயின்ட் இன்வெர்ட்டர் லைனில் இருக்கிறது என்று கேட்டு, அவர் கிளம்புவதற்குள் ஒவ்வொன்றிலும் ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள்.