சூழல் டி.என்.ஏ.வும் கடற்கரைக் கதையாடலும்: யுனெஸ்கோ திட்டத்தை முன்வைத்து ஒரு மதிப்பீடு

உயிரினங்கள் செதில், சளி, கழிவு ஆகியவற்றின் வழியே நீரில் விட்டுச்செல்லும் டி.என்.ஏ. துணுக்குகளைக் கொண்டு அவற்றின் இருப்பை அறிவது சூழல் டி.என்.ஏ. ஆய்வு. யுனெஸ்கோ 2022–2023இல் இம்முறையில் 21 கடல்சார் உலகப் பாரம்பரியத் தலங்களில் மாதிரிகளைத் திரட்டியது. திரட்டியவர்களுள் சிறுவர்களும் உள்ளூர் மக்களும் இருந்தனர். கடல்நீரை வடிகட்டியில் செலுத்தி, வடிகட்டியை ஆய்வகத்திற்கு அனுப்புவது அவர்கள் பணி. வலை வேண்டுவதில்லை, மீனைக் கொல்லவும் வேண்டுவதில்லை. ஏறத்தாழ 4,500 இனங்கள் அறியப்பட்டமை பெரும்பயனே.

எனினும், மக்கள் பங்கேற்பு வடிகட்டியோடு நின்றுவிடுகிறது. பெயரிடுதல் ஆய்வகத்தில் நிகழ்கிறது. துணுக்கின் வரிசை, தரவுத்தளத்தில் முன்பே பதிவான வரிசையோடு பொருந்தினால்தான் பெயர் கிடைக்கும். பொருந்தாதது, அக்கரை மீனவர் நாள்தோறும் பெயர்சொல்லி விற்கும் மீனாயினும், பெயரற்றதாகவே நிற்கும். கிடைத்த பெயரும் இருப்பை மட்டுமே உணர்த்தும். அவ்வுயிர் அங்கே வாழ்கிறதா, நீரோட்டம் அதன் துணுக்கைக் கொணர்ந்ததா, குஞ்சா, முதிர்ந்ததா என்பன அதனால் விளங்கா.

குறுந்தொகை 269ஆம் பாடலில் சுறா வேறுவகையில் அறியப்படுகிறது. சுறா தாக்கிய புண் ஆறியபின் தந்தை மீண்டும் கடல் புகுகிறான். உப்பை நெல்லாக மாற்றத் தாய் உப்பங்கழனிக்குச் செல்கிறாள். சுறாவின் இருப்பு அங்கே ஒரு குடும்பத்தின் உழைப்போடும் ஆபத்தோடும் பிணைந்தது. கருப்பொருளை உரிப்பொருளினின்று பிரிக்காத திணைக்கோட்பாட்டின் இயல்பு இது. பாடலும் ஆய்வறிக்கையும் நோக்கத்தால் வேறுபட்டவை. ஒன்றைக்கொண்டு மற்றதை அளப்பது முறையன்று எனலாம். திட்டம் வெறும் உயிரியல் கணக்கெடுப்பாயின் அம்மறுப்பு பொருந்தும். அது நிகழ்வதோ 'பாரம்பரியம்' என்னும் பெயர்தாங்கிய தலங்களில்.

இப்பிளவுக்கு ஆய்வாளர்களை மட்டும் குறைகூறுவதற்கில்லை. உலகப் பாரம்பரியப் பட்டியலின் பத்து அளவுகோல்களுள் முதல் ஆறு பண்பாட்டிற்கும் பின் நான்கு இயற்கைக்கும் உரியவை. கடல்சார் தலங்களுட் பெரும்பாலானவை இயற்கை அளவுகோல்களால் மட்டுமே இடம்பெற்றவை. கரைவாழ்வோர் கதை சேர்வதற்குரிய இடம் அங்கேயே அடைபட்டுவிடுகிறது.

உயிரியல் தரவுப் பகிர்வுக்குரிய 'டார்வின் கோர்' தரத்தில் வட்டாரப் பெயருக்கென ஒரு புலம் ஏற்கெனவே உண்டு. நீரை மொண்ட கைக்குரியவரிடமே அப்பெயரையும், அம்மீன் வரும் பருவத்தையும், அது குறித்த வழக்காற்றையும் அவர் இசைவுடன் கேட்டுப் பதிந்திருக்கலாம். பெயருக்குப் புலம் உண்டு. கதைக்கு இனித்தான் அமைக்கவேண்டும்.