குடியும் வளவும்: மட்டக்களப்புக் கோயில் ஆய்வுகள் பற்றி ஒரு நோக்கு

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலுமுள்ள கோயில்களைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் குடியுரிமையிலிருந்தே தொடங்குவர். எப். எக்ஸ். சி. நடராசா 1962இல் பதிப்பித்த 'மட்டக்களப்பு மான்மியம்' அவர்களுக்குக் கைவிளக்காயிற்று. எக்குடிக்கு எத்திருவிழா, வண்ணக்கர் எவ்வழி வருவர் என்பன விரிவாகப் பேசப்படுகின்றன. உரிமைக்குரியவன் எவ்வாறு உருவாகிறான் என்பதோ பேசப்படுவதில்லை.

குடி தாய்வழி வருவது. தந்தையும் பிள்ளைகளும் கோயிலில் வெவ்வேறு குடியினர். வீடு மகளுக்குச் சீதனமாகப் போகிறது. மணமகன் மனைவியின் வீட்டுக்கு வருகிறான். எனவே அடுத்தடுத்த வளவுகளில் தாயும் பெண்மக்களும் பேத்திமாரும் வாழ்கின்றனர். வைகாசியில் கண்ணகி அம்மன் கோயிற் கதவு திறந்தது முதல் குளிர்த்தி வரை நடைபெறும் சடங்கில், வண்ணக்கர் கூட்டித் தீர்மானிப்பவை சிலவே. வீட்டில் மச்சம் விலக்குவது, நெற்குற்றுக்கு யாரை அனுப்புவது, மடைப்பெட்டியை யார் சுமப்பது முதலியன வேலியோரப் பேச்சிலேயே முடிந்துவிடுகின்றன. குழந்தை தன் குடியின் பெயரை அறிவதும் அங்கேதான். கோயில் வாயிலில் எவரும் அதனைக் கற்பிப்பதில்லை.

இதனைச் சைவத்தின் தனித்தன்மை எனக் கொள்ளலாகாது. அக்கரைப்பற்றில் நெடுங்காலம் கள ஆய்வு செய்து 2008இல் நூல் வெளியிட்ட டெனிஸ் மக்கில்வ்ரே, அங்குள்ள முஸ்லிம்களிடமும் தாய்வழிக் குடிகள் உண்டெனவும், பள்ளிவாசலில் அக்குடிகளின் சார்பாக மரைக்காயர் அமர்வர் எனவும் காட்டியுள்ளார். கோட்பாடு வேறாயினும் உறவின் அமைப்பு ஒன்றே.

இவ்வுறவு வலையைப் பெண்களின் பொற்காலமாகப் போற்றுவோரும் உளர். அது மிகை. பறைமேளம் முழக்குவோரும் நிலபாவாடை விரிப்போரும் சடங்குக்கு இன்றியமையாதவர். ஆயினும் வேளாண் குடிகளின் வேலியோரப் பேச்சில் அவர்களுக்கு இடமில்லை. அணைப்பதைப் போலவே விலக்குவதையும் பிள்ளைகள் அங்கேதான் பழகுகின்றனர்.

இன்று இவ்வினாவுக்கு அவசரம் உண்டு. 2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலைக்குப்பின் நாவலடியிலிருந்து பலர் திராய்மடுவுக்குப் பெயர்ந்தனர். கிழக்கிற் கட்டப்பட்ட புதிய வீடுகள் பல, 'குடும்பத் தலைவர்' என்ற கணக்கில் ஆண்களின் பெயருக்கே எழுதப்பட்டன. தாயிடமிருந்து மகளுக்குச் சென்ற வளவு இவ்வாறு கைமாறுமாயின், மடைப்பெட்டி யாருடைய அடுக்களையில் நிரம்பும்? மான்மியத்தின் ஏடுகளில் இதற்கு விடை தேட இயலாது. திராய்மடுவின் தெருக்களில் யாருக்கு அடுத்து யார் குடியிருக்கிறார், வைகாசியில் அவர்கள் எந்தக் கோயிலுக்குச் செல்கிறார்கள் என்பதை வீடு வீடாகக் குறித்துக்கொள்வதே செய்யவேண்டிய முதல் வேலை.