ஹட்டன் ரோட்டில் மொரிஸ் மைனர்: பின்பக்கத்துக்கு எந்த ஸ்பிரிங்?

கொட்டகலையிலிருந்து தலவாக்கலைக்குப் போகும் வழியில், டெவோன் நீர்வீழ்ச்சியைப் பார்க்க வண்டிகள் ஓரங்கட்டும் இடத்துக்குக் கொஞ்சம் அப்பால் ஒரு வளைவு இருக்கிறது. வளைவின் நடுவில் தார் இரண்டு அலையாகப் புடைத்திருக்கும். போன வருஷம் மாசி மாதம், விடிகாலை, ரோடெல்லாம் பனி ஈரம். வேகம் மணிக்கு நாற்பது கிலோமீற்றர் கூட இல்லை. முதல் அலையில் மைனரின் பின்பக்கம் மேலே எழும்பியது. அது கீழே வந்து சேருமுன்னே இரண்டாவது அலை தூக்கிவிட்டது. டயர் மறுபடி தரையைப் பிடித்தபோது வண்டி இருக்கவேண்டிய இடத்திலிருந்து ஒரு முழம் வெளியே தள்ளி நின்றது. அந்தப் பக்கம் பள்ளத்தாக்கு. பின் சீட்டில் அம்மா.

வண்டி 1964ஆம் ஆண்டு மொரிஸ் மைனர் 1000. நாலு கதவு, 1098 சிசி எஞ்சின், 48 குதிரைவலு. தோட்டத்து டாக்டர் ஐயா வைத்திருந்த வண்டி, பல கை மாறி என்னிடம் வந்தது. முன்னும் பின்னும் பழைய ஸ்ரீ எழுத்துப் பலகை. 1957-58இல் அந்த ஒற்றைச் சிங்கள எழுத்தை எதிர்த்துத் தமிழர்கள் தார் பூசினார்கள். அந்தக் கோபம் மலையகத் தோட்டங்கள் வரைக்கும் வந்தது. பலகையைக் கழுவும்போது எனக்கு அது நினைவுக்கு வராமல் போவதில்லை.

வண்டி துள்ளியதற்குக் காரணம் கிழட்டு வயசு அல்ல. அதற்கு மூன்று மாதம் முன்னால் ஒரு கராஜில் பின் ஸ்பிரிங்குக்கு ஒவ்வொரு பக்கமும் இரண்டு பட்டை கூடுதலாகப் போட்டார்கள். "மலை ரோடு, சாமான் ஏத்துவீங்க, பலமா இருக்கட்டும்" என்றார்கள். நானும் சரியென்றேன். மலையகத்தில் பழைய கார் வைத்திருப்பவர்களில் பலருக்கும் கிடைக்கும் அறிவுரை இதுதான். இது பிழையான அறிவுரை என்பதை அடுத்த பத்து மாதமும் அதே ரோட்டில் ஒவ்வொரு பொருத்தத்தையும் மாற்றி மாற்றி ஓட்டித் தெரிந்துகொண்டேன்.

அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வெளிவந்த இந்தக் காரின் முன்பக்கம் அந்தக் காலத்துக்கு மிகவும் புதுமையானது. முறுக்குத் தண்டு ஸ்பிரிங், சக்கரத்துக்குச் சக்கரம் தனி அசைவு, ரெக் அன்ட் பினியன் ஸ்டியரிங். பின்பக்கம் மட்டும் மாட்டுவண்டிக் காலத்து மரபு. ஒரே கட்டை அக்சில், இரண்டு பக்கமும் பட்டை ஸ்பிரிங், அதிர்வை அடக்க லீவர் வகைச் சொக் அப்சோபர். பட்டை ஸ்பிரிங்கைக் குறைவாக எடைபோடக் கூடாது. அது வண்டியின் பாரத்தைத் தாங்குகிறது. அக்சிலை முன்பின் நகராமல் பிடிக்கிறது, பக்கவாட்டிலும் பிடிக்கிறது. எஞ்சின் இழுக்கும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் அக்சில் சுழன்று திரும்பப் பார்க்கும், அதையும் தடுக்கிறது. போதாததற்குப் பட்டைகள் ஒன்றோடொன்று உரசுவதால் ஓரளவு அதிர்வையும் தானே அடக்குகிறது. இத்தனை வேலையையும் ஒரே கத்தைப் பட்டை செய்வதால், ஒன்றைக் கூட்டினால் மற்றொன்று கெடும்.

கணக்கு எளிது. ஒரே தடிப்புள்ள பட்டைகள் என்றால், பட்டை எண்ணிக்கைக்கு ஏற்ப விறைப்பு கூடும். செலூன் மைனருக்கு 5 பட்டை. அதை 7 ஆக்கினால் விறைப்பு நூற்றுக்கு நாற்பது கூடிவிடும். டிராவலர் என்ற மரச்சட்ட வண்டிக்கும் வேனுக்கும்தான் 7 பட்டை. அவற்றின் பின்பாரம் வேறு. தடிப்பு விஷயம் இன்னும் மோசம். விறைப்பு தடிப்பின் மும்மடிக்கு ஏற்பக் கூடும் என்பதால், பத்து வீதம் தடித்த பட்டை போட்டாலே விறைப்பு மூன்றில் ஒரு பங்கு ஏறிவிடும். லொறிப் பட்டையை வெட்டிச் சேர்ப்பவர்கள் இதை யோசிப்பதேயில்லை. பட்டை கூடினால் உரசலும் கூடும், சின்னச் சின்ன மேடு பள்ளத்துக்கு ஸ்பிரிங் அசையவே அசையாது. அசையாத ஸ்பிரிங் முழு வண்டியையும் தூக்கிப் போடும்.

ஹட்டனில் எனக்குப் பழக்கமான ஒரு வயதான பாஸ், வண்டியின் பின் மூலையை ஒரு கையால் அழுத்திப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வளையாத வில்லு எதுக்கு தம்பி? கழட்டுங்க."

கழற்றுமுன் அளந்தோம். சக்கரத்தின் நடுவிலிருந்து மட்காட் வளைவு வரை நூல் பிடித்ததில், சாரதி பக்கம் மற்றப் பக்கத்தைவிட 18 மில்லிமீற்றர் தாழ்வு. கூடுதல் பட்டை போட்ட பிறகும் இப்படித்தான். பழைய ஐந்து பட்டையும் சோர்ந்திருந்தன. மேலே சேர்த்த இரண்டும் அந்தச் சோர்வை மறைத்தனவே தவிரத் தீர்க்கவில்லை. ஸ்பிரிங்கின் முன் கண் பாடியோடு சேரும் இடத்தை ஸ்குரூ டிரைவரால் குத்திப் பார்த்தார் பாஸ். வலது பக்கம் உள்ளே போய்விட்டது. துரு. மைனருக்குத் தனி செஸி கிடையாது, பாடியே எலும்புக்கூடு. நுவரெலியாப் பக்கத்து மழையும் மூடுபனியும் அந்தப் பெட்டிக்குள் நுழைந்தால் வெயில் பட்டுக் காய வழியில்லை. எந்த ஸ்பிரிங் வாங்குவது என்று கடைக்குப் போகுமுன் இந்த இடத்தைத் தட்டிப் பாருங்கள். நாங்கள் முதலில் வெட்டி ஒட்டியது அதைத்தான்.

முதல் பொருத்தம்: புதிய 5 பட்டை ஸ்பிரிங், ரப்பர் புஷ், பழைய லீவர் சொக். மைனருக்கு இலங்கையில் பாகம் கிடைப்பது அதிசயமல்ல. இங்கிலாந்தின் பாத் நகரில் மொரிஸ் மைனர் சென்டர் நடத்திய சார்ல்ஸ் வேர், 1990களில் டியூரபிள் கார் கம்பனி என்ற பெயரில் மைனரின் பாகங்களை இங்கேயே செய்ய வைத்தார். இங்கிருந்து பாகங்கள் இங்கிலாந்துக்கே போயின. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, தனியார் கார்கள் 2025 பெப்ரவரிக்குப் பிறகே மறுபடி வரத் தொடங்கின. அந்த ஐந்து வருஷமும் இந்தக் கிழட்டுக் கார்களை எத்தனையோ பேர் தூசி தட்டி எடுத்தார்கள்.

ஸ்பிரிங் மாட்டிய அன்றே வித்தியாசம் தெரிந்தது. வண்டி மட்டமாக நின்றது. சோதனைக்கு பம்ப் ஸ்டாப் ரப்பரின் மேல் தேயிலை மலைச் செம்மண்ணைக் குழைத்து ஒரு கட்டைவிரல் உயரத்துக்கு அப்பினோம். அக்சில் அதை மோதினால் மண் நசுங்கும். பின் சீட்டில் மூன்று பேர், டிக்கியில் ஒரு மூட்டை லீக்ஸ், நானுஓயாவிலிருந்து தலவாக்கலைக்கு இறக்கம். நிறுத்திக் குனிந்து பார்த்தால் இரண்டு பக்கமும் மண் பாதிக்கு மேல் நசுங்கவில்லை. ஐந்து பட்டை இந்தப் பாரத்துக்குப் போதும். "பலம் போதாது" என்ற பேச்சு அன்றோடு எனக்கு முடிந்தது.

குறை சொக்கில் இருந்தது. லீவர் சொக்கின் உள்ளே பிஸ்டன் எண்ணெயைச் சிறு துளை வழியே தள்ளுகிறது. பழசானால் தண்டின் ஓரமாக எண்ணெய் கசியும், காற்றுப் புகுந்து நுரைக்கும். நல்ல சொக் எண்ணெய் ஊற்றியும், நீண்ட இறக்கத்தில் அரை மணி நேரம் ஆடியதும் பின்பக்கம் மிதக்கத் தொடங்கியது. அழுத்தி விட்டால் ஒரு தரம் எழும்பி நிற்கவேண்டிய வண்டி மூன்று தரம் ஆடியது. தடித்த எண்ணெய் ஊற்றச் சொல்வார்கள், செய்து பார்த்தேன். புல்லில் உறைபனி வெளுத்துக் கிடக்கும் நுவரெலியாக் காலையில் அது தேன்போல் இறுகி, முதல் பத்து நிமிஷம் மரக்கட்டையில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. வெயில் ஏறியதும் மறுபடி மிதப்பு. கைதேர்ந்தவர் திருத்திய லீவர் சொக் கிடைத்தால் அதைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் அப்படித் திருத்துபவர்கள் அருகிவிட்டார்கள்.

இரண்டாவது பொருத்தம்தான் என் முடிவும். அதே 5 பட்டை, லீவரைக் கழற்றிவிட்டுக் குழாய் வடிவச் சொக். இதில் பொருளைவிடப் பொருத்தும் விதம் முக்கியம். பழைய லீவர் சொக்கின் பாரம் தாங்கும் இடம் வேறு, புதிய சொக்கின் மேல்முனை இழுக்கும் இடம் வேறு. சில கிட்களில் மேல் பிரெக்கெட்டை மெல்லிய தகட்டில் துளைபோட்டு முறுக்கச் சொல்கிறார்கள். நம் ரோட்டில் அந்தத் தகடு சில மாதத்தில் விரிசல் விடும். இடமிருந்து வலம்வரை ஒரு குறுக்குக் கம்பி ஓடி, இரண்டு சொக்கின் மேல்முனையையும் பிடித்து, பாரத்தை பாடியின் பெட்டிச் சட்டங்களுக்குக் கொண்டுபோகும் வகையை வாங்குங்கள்.

அடுத்தது சாய்வு. சொக் நேராக நின்றால் முழு வேலை செய்யும். 30 பாகை சாய்ந்தால் முக்கால் பங்கு, 45 பாகை சாய்ந்தால் பாதிதான். டிக்கியில் இடம் மிச்சம் பிடிக்க அதைப் படுக்கவைத்துவிட்டு, "சொக் சரியில்லை" என்று இன்னும் விறைப்பானதை வாங்குபவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு ஏறத்தாழ 20 பாகை சாய்வில் அமைந்தது. சொக்கின் தண்டில் ஒரு பிளாஸ்டிக் கேபிள் டை கட்டி ஓட்டினேன். அது தள்ளப்பட்டு நின்ற இடம், எவ்வளவு தூரம் தண்டு உள்ளே போனது என்று காட்டும். டெவோன் வளைவின் இரண்டு அலையிலும் அதே நாற்பதில் போனேன். தண்டில் இன்னும் இரண்டு விரல் இடம் மிச்சம். பின்பக்கம் முதல் அலையில் ஏறி, இறங்கி, இரண்டாவதில் ஏறி, இறங்கியது. ஸ்டியரிங்கைத் திருத்தவேண்டி வரவில்லை.

ரப்பரா, பொலியூரிதேனா என்ற புஷ் சண்டைக்கு என் பதில் ரப்பர். பொலியூரிதேன் போட்டு ஆறு வாரம் ஓட்டினேன். வளைவில் கொஞ்சம் கூர்மை கூடியது உண்மை. ஆனால் தோட்டத்துக் கல் ரோட்டில் ஒவ்வொரு கல்லும் முதுகுக்கு வந்தது, மழைவிட்டால் கிறீச்சென்று கத்தியது. எந்தப் புஷ் போட்டாலும், வண்டி நாலு சக்கரத்தில் தன் பாரத்தோடு நிற்கும்போதுதான் கடைசி முறுக்கு. ஜக்கில் தொங்கும்போது இறுக்கினால் வண்டியை இறக்கியதுமே ரப்பர் முறுக்கிக்கொள்ளும்.

பட்டை ஸ்பிரிங்கையே தூக்கிவிட்டுக் கொயில் ஸ்பிரிங், நாலு கை, பக்கவாட்டைப் பிடிக்க ஒரு பனாட் தண்டு என்று மாற்றுபவர்களும் இருக்கிறார்கள். அப்படி மாற்றிய ஒரு நண்பரின் வண்டியில் ஹக்கலை வழியாக வெலிமடை வரை ஓட்டினேன். நல்ல தாரில் அற்புதம், அக்சில் தண்டவாளத்தில் போவது போல. 1934 முதல் நடந்துவரும் மஹகஸ்தோட்ட மலையேற்றப் போட்டிக்கு வண்டி தயார் செய்பவருக்கு நான் இதையே சொல்வேன். அன்றாட ஓட்டத்துக்குச் சொல்லமாட்டேன். துருப்பிடிக்கும் பாடியில் புதிதாக ஏழெட்டு இடத்தில் பாரம் ஏற்றுகிறீர்கள். பொகவந்தலாவையில் ஒரு கை முறிந்தால் யார் திருத்துவார்? பட்டை முறிந்தால் மலையகத்தில் எந்தச் சந்தியிலும் ஒரு பாஸ் இருக்கிறார்.

கொண்டை ஊசி வளைவில் இரண்டாம் கியரில் இழுக்கும்போது பின் சக்கரம் தடதடவென்று துள்ளுவதைத் தடுக்க ஒரு தண்டு விற்கிறார்கள். 48 குதிரைவலுவுக்கு, ஸ்பிரிங் உறுதியாக இருந்தால், அது தேவையில்லை. 1275 சிசியோ ஜப்பான் எஞ்சினோ மாற்றியவர்கள் போடட்டும். வண்டியைத் தாழ்த்தும் கட்டைகளைப் பற்றி ஒரு வரி போதும்: தோட்டத்து ரோட்டின் நடு மேடு சைலன்சரைப் பிய்த்துவிடும்.

பின்பக்கத்துக்குச் செலவழிக்குமுன் முன்பக்கத்துக்கு கிரீஸ் அடியுங்கள், மிக முக்கியம். மைனரின் முன் சக்கரம் கீழே ஒரு மரைபோட்ட ட்ரனியனில் நிற்கிறது. கிரீஸ் இல்லாமல் மரை தேய்ந்தால் சக்கரம் வெளிப்பக்கமாக மடிந்து விழும். முன்பக்க லீவர் சொக்கையும் பின்பக்கத்தைப் போலக் கழற்றி எறிந்துவிட முடியாது. அங்கே அந்த லீவரே மேல்கையாகவும் இருக்கிறது.

யு போல்டுகளை நூறு கிலோமீற்றரில் ஒருதரம் மறுபடி இறுக்கச் சொன்னார் பாஸ். போன கிழமை போனபோது ஒரு நட் அரைச் சுற்றுப் போனது. மூலையில் கிடந்த என் நாலு கூடுதல் பட்டையையும் காணவில்லை. பக்கத்துக் கொல்லன் எடுத்துப்போய்விட்டாராம். நல்ல ஸ்பிரிங் எஃகு, கவ்வாத்துக் கத்திக்கு அதைப்போல வராது என்று ஒன்றை அடித்து முடித்துச் சாணை பிடித்துக்கொண்டிருந்தார்.